தியன் ஏரியும் குன்மிங் நகரின் செயற்கை நீர்வீழ்ச்சியும்

சீனாவின் தென்மேற்கு மாகாணமான யுனானின் தலைநகர் குன்மிங். அந்நகரின் வடபுறத்தே 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூங்காவொன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 400 மீற்றர் அகலமும் 12.5 மீற்றர் உயரமும் கொண்ட செயற்கை நீர்வீழ்ச்சியொன்று அதன் நடுநாயகமாக விளங்குகின்றது. வெட்டப்பட்ட ஏரிகளும் நடைபாதைகளும் புல்வெளிகளும் அதனைச் சூழவே அமைந்தன. காண்போர் இதனை உல்லாசத்துக்கென எழுந்த பூங்கா என்றே கொள்வர். வீண் ஆடம்பரம் என இகழ்வாரும் உளர். இவ்விரு கருத்துக்களும் அரைகுறையானவை. அங்கு விழும் நீர் வேறோர் ஆற்றுக்குரியது. அது சென்று சேருமிடம் நகரின் தெற்கேயுள்ள தியன் ஏரி. அவ்வேரிக்கு அயலாற்று நீர் ஏன் வேண்டியதாயிற்று என்ற வினாவுக்கு விடைகாண ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,886 மீற்றர் உயரத்தில் 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் தியன் ஏரி அமைந்துள்ளது. பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறிது. சராசரி ஆழம் ஐந்து மீற்றரளவே. வடக்கிலிருந்து வரும் பன்லொங் ஆறு நகரினூடாகப் பாய்ந்து ஏரியை அடைகின்றது. மேலதிக நீர் வெளியேறத் தென்மேற்கில் ஹைக்கோ என்னுமிடத்திலே இயற்கையான வடிகால் ஒன்றே இருந்தது. அவ்வாய் மணலால் தூர்ந்தபோதெல்லாம் ஏரி கரையை விழுங்கிற்று. இக்கரையிற் செழித்த தியன் அரசு கி.மு. 109இல் ஹன் பேரரசுக்கு அடிபணிந்தது. தியன் அரசனுக்கு வழங்கப்பெற்ற பொன் முத்திரை 1956இல் ஒரு கல்லறையிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. இத்திசை மக்களை வெல்லக் கடற்படை பழக்க விரும்பிய ஹன் பேரரசர் வூ, தமது தலைநகருக்கருகே பெரியதொரு குளத்தை வெட்டுவித்து அதற்குக் குன்மிங் எனப் பெயரிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. குன்மிங் என்ற பெயரோடு செயற்கை நீர்நிலை இணைவது இன்று நேற்றைய வழக்கன்று.

ஏரியின் போக்கை மனிதர் திட்டமிட்டு மாற்றிய காலம் மொங்கோலியரோடு தொடங்குகின்றது. 1253இல் அவர்கள் யுனானைக் கைப்பற்றினர். 1274இல் ஆளுநராக வந்தவர் புகாராவிற் பிறந்த முஸ்லிமான சையித் அஜல் ஷம்சுதீன். போரினால் அழிந்த நாட்டில் வரி பெறுவதாயின் விளைநிலம் வேண்டும். விளைநிலம் வேண்டுமாயின் வெள்ளத்தை அடக்கவேண்டும். எனவே வடக்கே பன்லொங் ஆற்றின் குறுக்கே சொங்குவா அணை 1276இல் எழுப்பப்பட்டது. தெற்கே ஹைக்கோ வடிகாலை ஆழமாக்கும் பணி ஜாங் லிதாவோ என்ற அதிகாரியிடம் விடப்பட்டது. இரண்டாயிரம் ஆட்களைக் கொண்டு அவர் நீரை வடித்துப் பெருநிலப்பரப்பை மீட்டார் என யுவான் வம்ச வரலாறு கூறும். ஏரி தாழ வயல் விரிந்தது. அக்கால நிலையில் இது பெருஞ்சாதனையே. உழவனுக்கு நிலமும் அரசுக்கு வருவாயும் கிடைத்தன. ஆயின் ஏரியைச் சுருக்கி நிலம் பெறலாம் என்ற பாடத்தையும் பின்வந்தோர் இங்கிருந்தே கற்றனர்.

இந்த ஆளுநரின் மரபு ஈழத்து வரலாற்று மாணவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஏரியின் தென்கரையிலுள்ள குன்யாங்கில் 1371இல் பிறந்த கடற்றளபதி செங் ஹோ அவர் வழித்தோன்றல். செங் ஹோவின் கடற்பயணங்களை ஒட்டி இலங்கையில் நாட்டப்பெற்ற 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அதன் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகின்றது. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டது.

மிங், சிங் வம்சங்களின் காலத்திலும் வடிகாலைத் தூர்வாரும் பணி தொடர்ந்தது. ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றின் விசையைக் கொண்டு ஷிலொங்பா என்னுமிடத்தில் 1912இல் மின்சாரம் பெறப்பட்டது. சீனப் பெருநிலத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவேயாகும்.

கேடு முற்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1970இல், ஏரியை மறித்து வயலாக்கும் இயக்கம் முடுக்கிவிடப்பட்டது. படையினரும் மாணவரும் தொழிலாளரும் கல்லும் மண்ணும் சுமந்தனர். இருபது சதுர கிலோமீற்றரளவு ஏரிப்பரப்பு நிலமாயிற்று. ஜாங் லிதாவோ வெள்ளநீரை வடித்தார்; இவர்களோ ஏரியின் படுக்கையையே பறித்தனர். வேறுபாடு சிறிதன்று. சேறு நிறைந்த அந்நிலம் எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. மீன்கள் முட்டையிடும் கரையோரச் சதுப்பும் நீரைத் தூய்மையாக்கும் நாணலும் அழிந்தன.

இதனோடு நகரின் வளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. சொங்குவாவில் விரிவாக்கப்பட்ட நீர்த்தேக்கம் பன்லொங் ஆற்றின் நன்னீரைக் குடிநீருக்காகத் தடுத்துக்கொண்டது. ஏரிக்கு ஆற்றுநீர் குறைந்தது. அதற்கு ஈடாக நகரின் கழிவுநீரே வந்தது. 1990 வரையில் அதன் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஏரியிற் கலந்தது. பொஸ்பேற்றுக் கைத்தொழிலும் வயல்களின் உரமும் ஏரியை மேலும் கெடுத்தன. பச்சைப் பாசி படர்ந்தது; ஆகாயத்தாமரை மண்டியது. இவ்வேரியில் மாத்திரம் வாழ்ந்த நியூட் எனப்படும் வாலுடைய சிறு ஈரூடகவாழி 1979இற்குப் பின் காணப்படவில்லை. அவ்வினம் அற்றுப்போனதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. 1999இல் உலகப் பூங்கனியியற் கண்காட்சி குன்மிங்கில் நடைபெற்றது. அது தொடங்கும் மே முதலாம் திகதிக்குள் ஆலைகள் யாவும் கழிவு விதிகளுக்கு அமையவேண்டுமென அரசு காலக்கெடு விதித்தது. விருந்தினர் வருமுன் வீட்டைக் கூட்டும் வேலையாகவே இது முடிந்தது, ஏரி தெளியவில்லை.

அடுத்து எடுக்கப்பட்ட வழி நியுலன் ஆற்றைத் திருப்புவதாகும். அந்த ஆற்றில் தெசெ என்னுமிடத்தில் அணை கட்டப்பட்டது. தேங்கிய நீர் இருநூறு மீற்றருக்கு மேல் பம்பிகளால் உயர்த்தப்பட்டு, ஏறத்தாழ 116 கிலோமீற்றர் தூரம் சுரங்கவழிகளாலும் கால்வாய்களாலும் குன்மிங்குக்குக் கொண்டுவரப்படுகின்றது. ஆண்டுக்கு 57 கோடி கனமீற்றர் நீர் வழங்க வகுக்கப்பட்ட இத்திட்டம் 2013ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. கால்வாயின் முடிவிடம் பன்லொங் ஆற்றைவிட உயரமானது. ஆதலின் வந்த நீரை எவ்வாறேனும் கீழே இறக்கியாகவேண்டும். அந்த இறக்கத்தையே நகரமைப்பாளர் நீர்வீழ்ச்சியாக்கினர். விழும் நீர் காற்றோடு கலந்து ஒட்சிசனைப் பெறுகின்றது. பின்னர் செயற்கை ஏரிகளில் தங்கிப் பன்லொங் ஆற்றிற் சேர்கின்றது. பல ஆண்டுகளாக ஏரி இழந்திருந்த ஆற்றுநீர் பழைய பாதையிலே, புதிய ஊற்றிலிருந்து திரும்பிற்று.

இதனை வெறும் அலங்காரம் எனத் தள்ளுதல் நியாயமன்று. எனினும் நீர்வீழ்ச்சி தரும் ஒட்சிசன் ஏரியடிச் சேற்றிற் படிந்த பொசுபரசை அகற்றாது. அயலாற்று நீர் மாசை ஐதாக்கும், வெளியே தள்ளும். மாசின் ஊற்றை அடைக்காது. அன்றியும், நியுலன் ஆற்று நீர் தூயதாக இருந்தாலன்றித் திட்டத்துக்குப் பயனில்லை என்பதால், அவ்வாற்றைக் காக்கவெனத் தனிச் சட்டவிதிகள் இயற்றப்பட்டன. நகரம் கெடுத்த ஏரிக்காக நாட்டுப்புற மக்கள் தம் தொழிலை ஒடுக்கிக்கொள்ள நேர்ந்தது. பூங்காவில் உலாவுவோர் கண்ணுக்குப் புலப்படாத செலவு இது.

2018இல் ஏரிநீரின் தரம் முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு உயர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு நியுலன் நீர் மட்டும் காரணமன்று. நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியிருந்தன. ஏரிக்கரையிலும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய திட்டமொன்றின்படி கரையோர வயல்களும் குடியிருப்புக்களும் அகற்றப்பட்டு, முன்னைய தலைமுறை எழுப்பிய தடுப்பணைகள் பல இடங்களில் உடைக்கப்பட்டன. வயல்களாயிருந்த அவ்விடங்களில் மீண்டும் நாணல் நடப்பட்டது.