நந்தனின் தீயில் நாம் எதைப் பார்க்கிறோம்?

2004இல் மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' வந்தபோது, ஒரே சாட்டையடியை உலகம் இரண்டு விதமாகப் பார்த்தது. விசுவாசிகள் பலர் அதில் மீட்பைக் கண்டு அழுதார்கள். யூத அமைப்புகளோ, கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழைய பழி மீண்டும் தங்கள்மேல் விழுவதாக எதிர்த்தன. தோழர்களே, இது நமக்குப் புதிதல்ல. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் ஒரு பக்திப் படத்தின் தீயைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கணியம்பாடி முதல் ஆம்பூர் வரை தோல் வேலையோடு வாழும் நாம் அந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போனது. அவர் வெளியே நின்றார். தில்லைக்குள் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது மார்பில் பூணூல் இருந்தது. அதாவது, பறையராக அவர் உள்ளே போகவேயில்லை.

1861இல் கோபாலகிருஷ்ண பாரதி இக்கதைக்குள் ஒரு வேதிய மிராசுதாரரைக் கொண்டுவந்தார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். காந்தியின் அரிசன இயக்கமும் ஆலய நுழைவும் பேசப்பட்ட காலம் அது. சைவ நம்பிக்கையுள்ளவர் அந்தத் தீயில் சோதியைப் பார்த்தார். சீர்திருத்தவாதி சாதி இந்துவின் மனமாற்றத்தைப் பார்த்தார்.

கோலார் தங்கவயலின் தலித் மக்கள் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் ஏராளமானோர் நம் வடஆர்க்காட்டிலிருந்து போனவர்கள். ஜெமினி படத்துக்கு அங்கே எதிர்ப்பு எழுந்தது. தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன் அங்குள்ள தலைவர்களோடு பேசி, படத்தின் முடிவில் மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று.

அந்த மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பண்டிதரோ தம் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை பௌத்த அரசனாக, சூழ்ச்சியால் கொல்லப்பட்டவனாக எழுதியிருந்தார். எதிர்த்த எல்லோரும் பௌத்தர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நந்தனுக்கு வேறொரு வரலாறு உண்டு என்ற பேச்சு அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் திரையில் தெரிவது சோதி அல்ல, கொலை.

நம் வீடுகளில் நந்தனார் பாட்டைக் கேட்டுக் கண்கலங்கும் ஆயாக்கள் உண்டு. மாதா கோயிலில் சிலுவைப் பாதை நடக்கிறவர்களும் உண்டு. அவர்களை நாம் கேலி செய்ய வேண்டாம். தாங்கள் பட்ட அடியைத்தான் அவர்கள் அங்கே பார்க்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. உள்ளே விட மறுத்தவர்கள் ஏன் தீயில் இறங்கவில்லை? அவர்களுடைய தீட்டு எப்போது கழுவப்பட்டது?

அடுத்த முறை ஒரு பக்திப் படத்தில் நம்மவர் உடல் எரிந்தால், படம் யாருடைய கண்ணால் அதைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். பெரியபுராணத்தையும் பண்டிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள்.