சமதளமும் சுருள்வில்லும்

சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இறுகப் பிணைக்காமல், இடையே சுருள்வில்லை அமைத்து, ஒவ்வொரு சக்கரமும் மேடுபள்ளத்துக்கேற்பத் தனித்தனியே ஏறியிறங்க வழிசெய்யும் அமைப்பே சஸ்பென்ஷன் எனப்படுகிறது. மோட்டார் வாகனங்களுக்கு இன்றியமையாததாகிவிட்ட இவ்வமைப்பு, பள்ளி மாணவர்களின் போட்டி ரோபோக்களில் வேரூன்றாமற்போனதற்கான காரணத்தை, அவை ஓடிய களங்களின் வரலாற்றிலேயே தேட வேண்டும்.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் 28 அணிகளுடன் நடத்திய முதற்போட்டியின் களத்தில் மக்காச்சோள மணிகள் பரப்பப்பட்டிருந்தன. பின்னாளில் தரைவிரிப்பு இட்ட சமதளமே வழக்கமாயிற்று. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையுமாதலால், வளையாத சட்டகத்தின் நான்காம் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கக்கூடும். எனினும் அலுமினியச் சட்டகத்தின் சிறு நெகிழ்வும் டயரின் மென்மையும் சமதளத்தில் அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்தன. ஆறு சக்கர ரோபோக்களிலோ, நடுச்சக்கரங்களைச் சுமார் 3 மி.மீ. தாழ்த்தி, ஒரே நேரத்தில் நான்கு சக்கரங்களே எடையைத் தாங்குமாறு செய்து, திரும்புதலை எளிதாக்கும் முறை பரவியது.

சுவீடன் பொறியாளர் பெங்ட் இலோன் 1970களில் உருவாக்கிய மெக்கானம் சக்கரம், சமதளத்தில் சஸ்பென்ஷன் வேண்டியதில்லை என்னும் இந்நிலைக்கு விலக்காகும். விளிம்பில் 45 பாகை சாய்ந்த உருளைகளைக் கொண்ட இச்சக்கரங்கள் நான்கின் விசைகளும் கூடியே ரோபோவைப் பக்கவாட்டில் நகர்த்துவதால், ஒன்று தரையிலிருந்து விலகினாலும் திசை பிறழும். ஆகவே இங்குச் சஸ்பென்ஷனுக்குத் தெளிவான பயன் உண்டு.

களத்தையே குறுக்கே பிரித்த மேடுகள் 2010ஆம் ஆண்டுப் போட்டியிலும், அகழி, கற்சுவர் போன்ற தடைகள் 2016ஆம் ஆண்டுப் போட்டியிலும் வந்தபோது, சஸ்பென்ஷன் தேவையா என்னும் வினா மீண்டும் எழுந்தது. 2016இல் பல அணிகள் சுருள்வில்லை நாடாமல், காற்றடைத்த பெரிய டயர்களைப் பூட்டின. டயருக்குள் அடைபட்ட காற்றே வில்லின் வேலையைச் செய்தது. பேட்டரியும் மோதல்காப்பும் நீங்கலாக ஏறத்தாழ 54 கிலோவுக்குள் அடங்க வேண்டியிருந்த அன்றைய ரோபோவில், சுருள்வில்லும் அதன் மூட்டுகளும் எடையைக் கூட்டுவதோடு, சக்கரம் அசையுந்தோறும் சங்கிலியின் இழுவிசையையும் மாற்றிவிடும். அப்போது ஆறு வாரத்தில் கட்டி முடிக்க வேண்டியிருந்த மாணவர்களுக்கு இது சிறு சுமையன்று.

ஆகவே போட்டி ரோபோவில் சஸ்பென்ஷனின் மதிப்பை அதன் நுட்பத்தைக் கொண்டன்றி, அவ்வாண்டின் களத்தைக் கொண்டே அளவிட வேண்டும்.