அலர்ட் பெட்டியிலிருந்து ஏஜென்ட் வரை - ஒரு வழுநீக்கிப் புராணம்

போன மாசம் எங்க காலேஜ் பேட்ச் சந்திப்புக்கு ஒரு பக்கம் போட்டுக் குடுத்தேன். பேரு, ஊரு, எத்தனை பேர் வர்றீங்க, கீழே ஒரு பட்டன். அவ்வளவுதான். எழுதினது பாதி நான், பாதி ஏஐ ஏஜென்ட். சரிபார்த்ததும் அதுதான். "பிழை எதுவும் இல்லை"ன்னு சொல்லிச்சு. நம்பித் தூங்கப் போயிட்டேன்.

ரெண்டு நாளா ஒருத்தர் கூட பதிவு பண்ணலை. மூணாவது நாள் நண்பன் போன் பண்றான், "மச்சி, பட்டன் எங்கடா?" மொபைல்ல அடியில ஒட்டிக்கிட்டிருந்த அறிவிப்புப் பட்டை, பட்டனை முழுசா மூடியிருந்தது. சந்திப்பு நடக்குமா நடக்காதான்னே ஒரு கூட்டம் பேச ஆரம்பிச்சிடுச்சு.

இது ஏன் ஏஜென்ட் கண்ணுல படலைன்னு தேடப்போய் வந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

2003-ல நான் ஆணி புடுங்க ஆரம்பிச்சப்ப, வழுநீக்கின்னா அலர்ட் பெட்டிதான். சந்தேகமான வரிக்கு முன்னாடி ஒரு அலர்ட், பின்னாடி ஒரு அலர்ட். தெரியாம லூப்புக்குள்ள போட்டுட்டா முன்னூறு தடவை ஓகே அமுக்கணும் :-) மொசில்லா பக்கம் வெங்க்மேன்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வழுநீக்கி இருந்துச்சு. ஆனா வாடிக்கையாளர் எல்லாம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல இல்ல இருந்தாங்க! அது "ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட்"னு ஒரு வரி எண்ணோட சொல்லும். அந்த வரிக்குப் போனா அங்க ஒண்ணுமே இருக்காது.

2006 ஜனவரியில ஜோ ஹெவிட் ஃபயர்பக் வெளியிட்டார். பொட்டி தட்டறவங்களுக்கு அன்னிக்கு தீபாவளி. பக்கத்துல ஒரு இடத்தை அமுக்கினா அதோட நிரல், ஸ்டைல், ஓரத்துல எத்தனை பிக்சல், எல்லாம் கண்ணு முன்னாடி. கவனிங்க, ஃபயர்பக்கைக் கத்துக்க நான் ஒரு கையேடும் படிக்கலை. மவுஸை அங்க இங்க ஆட்டி, தானா கத்துக்கிட்டேன். பின்னாடி ஃபயர்பாக்ஸ் 57 பழைய நீட்சிகளைக் கைவிட்டப்ப, 2017-ல ஃபயர்பக்கும் போய்ச் சேர்ந்துச்சு.

இதே காலத்துல இன்னொரு ஓடை தனியா ஓடிச்சு: மனுஷன் இல்லாம உலாவியை ஓட்டறது. 2004-ல தாட்வொர்க்ஸ்ல ஜேசன் ஹக்கின்ஸ் செலினியம் எழுதினார். போட்டிக் கம்பெனி பேரு மெர்க்குரி. பாதரச விஷத்துக்கு முறிவு செலினியம்னு ஒரு கிண்டல். குசும்புதானே! 2011-ல திரையே இல்லாத ஃபேன்டம்ஜேஎஸ், 2017-ல குரோமுக்கே திரையில்லா வடிவம், கூடவே பப்பட்டீர், 2020-ல மைக்ரோசாஃப்டோட ப்ளேரைட். குரோம்ல நாம திறக்கற டெவ்டூல்ஸ் ஜன்னல் இருக்கே, அதுவே உலாவியோட ஒரு நெறிமுறை வழியாத்தான் பேசுது. அதே வழியில வேற நிரலும் உள்ள போகலாம். அந்த வழியிலதான் இப்ப ஏஜென்டும் உள்ள வந்திருக்கு.

2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்.சி.பி.ங்கற பொது நெறிமுறையை வெளியிட்டாங்க. 2025 மார்ச்ல ப்ளேரைட், செப்டம்பர்ல குரோம் டெவ்டூல்ஸ், ரெண்டுக்கும் எம்.சி.பி. வடிவம் வந்துச்சு. கன்சோல், நெட்வொர்க், வேகம் எல்லாத்தையும் ஏஜென்டே கேட்டு வாங்கிக்கலாம்.

ஆனா ஏஜென்டுக்கு மவுஸை ஆட்டிப் பார்த்துக் கத்துக்க வழியில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பேரு, ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடுன்னு ஒரு பட்டியல். அதைத்தான் அது முதல்ல பார்க்குது. நாம கடைசில, வேண்டாவெறுப்பா எழுதுவோமே அந்த ஆவணம், அதுவே இங்க பாதி நிரல்.

என் தப்பு அங்கதான். நானே எழுதின ஒரு குட்டிக் கருவியைக் குடுத்திருந்தேன். விளக்கம்: "பக்கத்தைச் சரிபார்க்கும்." உண்மையில அது செஞ்சது ரெண்டே வேலை. கன்சோல் பிழைகளைத் திரட்டறது, அணுகல் மரத்தைக் குடுக்கறது. பார்வையில்லாதவங்களோட திரைபடிப்பான்களுக்காக உலாவி கட்டி வைக்கிற மரம் அது. ப்ளேரைட் எம்.சி.பி.யும் படத்துக்குப் பதிலா இதைத்தான் முதல்ல நம்புது. (பட்டனுக்கெல்லாம் ஒழுங்கா பேரு வைக்கணும்னு இத்தனை வருஷமா சொன்னாங்க, நான் கேக்கலை. ஏஜென்டுக்காக இப்ப வைக்கிறேன். வெக்கமாத்தான் இருக்கு.) மேல எது மூடியிருந்தாலும் மரத்துல பட்டன் இருக்கும். கன்சோல்ல பிழையும் வராது. ஏஜென்ட் பொய் சொல்லலை. "சரிபார்க்கும்"னு நான் எழுதினதை நம்பிச்சு.

விளக்கத்தை மாத்தினேன்: "கன்சோல் பிழைகளையும் அணுகல் மரத்தையும் மட்டும் தரும். ஒன்று இன்னொன்றை மறைக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மொபைல் அகலத்தில் படம் எடுக்கவும்." கருவியில ஒரு எழுத்து கூட மாத்தலை. அதே பழைய பக்கத்தைத் திரும்பக் குடுத்தேன். ஏஜென்ட் தானா படம் எடுத்து, பட்டை மறைக்குதுன்னு சொல்லிச்சு.

நண்பன் அன்னிக்கு ராத்திரியே பதிவு பண்ணிட்டான். ரெண்டு பேர், சைவம்.

டிஸ்கி: அந்த விளக்கத்தையும் ஏஜென்ட் கிட்டயே எழுதச் சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொன்னேன். கருவி எவ்வளவு திறமையானதுன்னு ஏழு வரி எழுதிச்சு, என்ன செய்யாதுன்னு ஒரு வரி இல்லை. அழிச்சிட்டேன்.