டெல்லி டூர் போறீங்களா? திங்கட்கிழமை உஷார்! எந்த நாளில் எதைப் பார்க்கலாம்? முழு விவரம்

ஸ்கூல் லீவு விட்டாச்சுன்னா தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் டெல்லிக்குக் கிளம்பிவிடும். சென்னையிலிருந்து ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு இரவு, ஒரு பகல் பயணம். அவ்வளவு தூரம் போய் செங்கோட்டை வாசலில் நிற்கும்போது கேட் மூடியிருந்தா எப்படி இருக்கும்?

டெல்லி டூரில் அடிக்கடி நடக்கும் விஷயம்தான் இது. காரணம், அன்றைக்குத் திங்கட்கிழமையாக இருக்கும். ஓட்டல், டிக்கெட் எல்லாம் பார்த்துப் பார்த்து புக் செய்பவர்கள்கூட கிழமையைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். கிழமையை வைத்து ப்ளான் போட்டால் பாதி டென்ஷன் குறைந்துவிடும்.

திங்கட்கிழமை எதெல்லாம் லீவு?

* செங்கோட்டை
* தேசிய அருங்காட்சியகம்
* பிரதமர்கள் அருங்காட்சியகம் (தீன்மூர்த்தி பவன்)
* காந்தி ஸ்மிருதி
* தாமரைக் கோயில்
* அக்‌ஷர்தாம் கோயில்
* சரோஜினி நகர் மார்க்கெட்

இன்னும் இரண்டு கிழமைகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. ஆக்ராவில் தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

அப்போ திங்கட்கிழமை எங்கே போகலாம்?

கவலை வேண்டாம். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் மூன்றும் அன்றைக்குத் திறந்தே இருக்கும்.

குதுப் மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். 1981-ல் நடந்த விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற அனுமதி இல்லை. அதே வளாகத்தில் உள்ள இரும்புத் தூணைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்காத தூண் அது.

ஹுமாயூன் கல்லறை 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் கட்டடம். இது, குதுப் மினார் இரண்டுமே 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தவை.

இந்தியா கேட்டுக்கு மாலையில் போவது நல்லது. பக்கத்திலேயே 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. நாட்டுக்காக உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்குள்ள சுவர்களில் பொறித்திருக்கிறார்கள்.

நான்கு நாள் ப்ளான் இதோ!

வியாழன் இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை புதுடெல்லியில் இறங்கலாம்.

1. சனி: செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக். மூன்றும் அருகருகே உள்ளன. கடைகளும் திறந்திருக்கும்.
2. ஞாயிறு: காலையில் காந்தி ஸ்மிருதி, மதியம் தாமரைக் கோயில், மாலையில் அக்‌ஷர்தாம். அக்‌ஷர்தாம் உள்ளே செல்போன், கேமராவுக்கு அனுமதி இல்லை. பொருட்களை வைக்கும் அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் குடும்பத்தோடு போகிறவர்கள் வெளியே எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்க.
3. திங்கள்: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட்.
4. செவ்வாய்: ஆக்ரா. ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த ரயிலும் வெள்ளிக்கிழமை ஓடாது.

மிஸ் பண்ணக்கூடாத இடம்

டூர் பேக்கேஜ்களில் பல நேரம் விடுபட்டுப் போவது காந்தி ஸ்மிருதி. அன்றைய பிர்லா மாளிகை இதுதான். காந்தி தன் கடைசி 144 நாட்களை இங்கேதான் கழித்தார். 1948 ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்கு நடந்து போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான். அவர் தங்கியிருந்த அறையிலிருந்து பிரார்த்தனைத் தோட்டம் வரை அவருடைய கடைசி அடிகளைக் காலடித் தடங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைப் பிள்ளைகள் அந்தத் தடங்களின் ஓரமாக நடந்தே தெரிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது.

மெட்ரோவில் எங்கே இறங்கணும்?

* செங்கோட்டை: லால் கிலா (வயலட் லைன்)
* காந்தி ஸ்மிருதி: லோக் கல்யாண் மார்க் (மஞ்சள் லைன்)
* தாமரைக் கோயில்: கல்காஜி மந்திர் (வயலட் லைன்)
* அக்‌ஷர்தாம்: அக்‌ஷர்தாம் (நீல லைன்)
* குதுப் மினார்: குதுப் மினார் (மஞ்சள் லைன்). பெயர் ஒன்றுதான் என்றாலும் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் ஆட்டோவில் போகணும்.
* ஹுமாயூன் கல்லறை: ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் (வயலட் லைன்). இங்கிருந்தும் ஆட்டோ தேவை.

ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும்.

எந்த மாதம் பெஸ்ட்?

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சுற்றிப்பார்க்க வசதியானவை. தீபாவளியை ஒட்டித் தொடங்கும் காற்று மாசு, ஆஸ்துமா உள்ளவர்களையும் வயதானவர்களையும் சிரமப்படுத்தும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதமாவது சகஜம். எனவே திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ், எக்ஸாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

மே மாத லீவில்தான் போக முடியும் என்றால், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். கோட்டை, கல்லறைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்தை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

* ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.
* டிக்கெட்டில் புதுடெல்லியா, ஹஸ்ரத் நிஜாமுதீனா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு நிலையங்கள். ஓட்டலை அதற்கேற்ப புக் செய்யலாம்.
* குதுப் மினார், ஹுமாயூன் கல்லறைக்கு இந்தியர்களுக்குத் தலா 40 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் 5 ரூபாய் குறைவு. 15 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம்.
* ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பொதுமக்களை அனுமதிக்க மாட்டார்கள். ஜனவரி 26 அணிவகுப்பு ஒத்திகை நாட்களில் இந்தியா கேட் பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும்.

நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு பெட்டியைக் கட்டுங்க!