பூனை டின்னில் குறைந்த சாமான்

போன கிழமை தரம் 8 விஞ்ஞான பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், பூனைக்குக் கடைச் சாப்பாடு நல்லமா, வீட்டுச் சாப்பாடு நல்லமா?” பதில் சொல்ல முன்னம் மணி அடித்துவிட்டது. இது கொஞ்சம் நீளமான கதை. பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

டோரின் என்றொரு பொருள் இருக்கிறது. 1827 இல் டீடெமான், க்மெலின் என்ற இரண்டு ஜெர்மானியர் அதை மாட்டின் பித்த நீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் டாரஸ் என்றால் காளை, பெயர் அதிலிருந்து வந்தது. நாயின் உடல் இதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் சொற்பமாகத்தான் செய்ய முடியும். ஆனால் பித்த நீருக்காக ஒவ்வொரு நாளும் செலவழித்தாக வேண்டும். எலியும் மீனும் பிடித்துத் தின்னும் பூனைக்கு இந்தக் குறை வராது.

1975 இல் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்பவரின் குழு, பாலில் உள்ள கேசீனை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைவதைக் கண்டது. டோரின் இல்லாததுதான் காரணம்.

கண்ணோடு விஷயம் முடியவில்லை. அந்தக் காலத்தில் பல பூனைகள் இதயம் பெருத்து, இரத்தத்தைத் தள்ளப் பலமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1987 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியோன் என்ற மிருக வைத்தியரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட 21 பூனைகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் டோரின் குறைவு. எல்லாம் கடைச் சாப்பாடு தின்றவை. வாய்வழியாக டோரின் கொடுத்ததும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியது. சாவுதான் முடிவு என்றிருந்த வருத்தம் அது!

எனக்கு இதில் மனதை உறுத்துவது ஒன்று. அந்தப் பூனைகளை வளர்த்தவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. காசு கொடுத்து, பூரண உணவு என்று நம்பித்தான் வாங்கினார்கள். டின்னுக்குள் டோரினும் இருந்தது. ஆனால் டின்னில் அடைத்துச் சூடாக்கும்போது உணவில் வரும் மாற்றத்தால், குடலில் உள்ள பக்டீரியாக்கள் டோரினைக் கூடுதலாக அழித்துவிடுகின்றன. டின்னுக்குள் எவ்வளவு என்று அளந்தார்களே தவிர, பூனையின் இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கவில்லை. கம்பனிகள் பிறகு அளவைக் கூட்டின, அந்த வருத்தமும் வெகுவாகக் குறைந்தது. இன்றைக்கு அமெரிக்க அளவுகோலில் ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் உலர் உணவுக்குக் குறைந்தது 0.1 வீதம், டின் உணவுக்கு 0.2 வீதம் டோரின் இருக்க வேண்டும். இரண்டு மடங்கு ஏன் என்பது இப்போது விளங்கும்.

ஆகவே மகள், பக்கெட்டைத் திருப்பி டோரின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு என்று நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்கு வைக்க வேண்டாம், அதில் டோரின் சேர்க்கக் கட்டாயமில்லை. மீன் வெட்டும்போது ஒரு பங்கு கிடைக்கும் பூனைக்குப் பயமில்லை. எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் பாலும் சோறும் பிசைந்து மட்டும் வைக்கிறார்கள். நான் கவலைப்படுவது அந்தப் பூனைகளுக்காகத்தான்.