மோகனசுந்தரத்தைத் தின்றது எது?

ஒரத்தநாடும் திருவாரூரும் ஒரே தஞ்சை மாவட்டமாக இருந்த காலம். அம்மண்ணின் மைந்தர் திருவாரூர் கே. தங்கராசு தீட்டிய நாடகம் 'ரத்தக்கண்ணீர்'. நடிகவேள் எம். ஆர். இராதா அதனை ஊர்தோறும் மேடையேற்றினார். 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், நேஷனல் பிக்சர்ஸ் படமாக அது திரைக்கு வந்தது.

யார் இந்த மோகனசுந்தரம்? சீமை சென்று திரும்பிய செல்வச் சீமான். அறிவுண்டு, நாவன்மையுண்டு, அடக்கம் மட்டும் இல்லை! பெற்ற தாயை இகழ்ந்தான். மனைவி சந்திராவை மறந்தான். காந்தாவின் வாயிலே கதியென்று கிடந்தான். பொருள் போயிற்று, நோய் வந்தது, காந்தாவும் விரட்டினாள். காந்தாவைத் தூற்றியோர் பலர். அவள் வீட்டு வாயிலைத் தேடிச் சென்ற பணத்தைத் தூற்றியோர் எத்தனை பேர்?

தோழர்களே, ஆசிரியரின் துணிவைக் காணுங்கள்! மூடப்பழக்கத்தையும் போலிப் பெருமையையும் சாடும் சொற்களை நல்லவன் பாலுவின் நாவில் மட்டுமா வைத்தார்? கெட்டழிந்த மோகனனின் நாவிலன்றோ கூர்மையாக வைத்தார்! கண்ணிழந்து தெருவில் தடுமாறும் நிலையிலும் அவன் கேலி ஓயவில்லை. கொட்டகை சிரித்தது, சிந்தித்தது. இறுதியில் அவனே சந்திராவைப் பாலுவுக்கு மணமுடிக்க வேண்டுகிறான். கைம்மையே பெண்ணுக்கு அணி என்று பேசிய நாட்டில், கணவனே மனைவிக்கு மறுவாழ்வு கேட்டான்!

எனினும், இப்படத்தைப் போற்றும் நாம் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். தீயொழுக்கத்துக்குத் தொழுநோய் கூலியென்றால், முன்வினைப் பயன் என்னும் பழங்கதைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? வினையை வாயில் வழியே விரட்டிவிட்டுச் சன்னல் வழியே அழைப்பதா? அந்நோய்க்குக் காரணம் கிருமி என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். பரத்தையர் உறவால் வருவதன்று அது. மருத்துவம் பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கியிருப்போருக்குத் தொற்றக்கூடும், அவர்களிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்து முறை அதனை முற்றிலும் குணமாக்குகிறது.

மோகனனைத் தின்றது கிருமியன்று. உழைக்காமல் வந்த செல்வமும், 'எனக்கு நிகர் யார்' என்ற இறுமாப்புமே! நெல்விளையும் நம் வட்டாரத்தில், பாட்டன் நிலத்தைப் பந்தயத்துக்கும் பகட்டுக்கும் விற்றுத் தீர்த்த படித்த பிள்ளைகள் எவ்வித நோயுமின்றித்தான் அழிந்தார்கள்.

நோயுற்ற தன் உருவையே பிறருக்கு எச்சரிக்கைச் சிலையாக நிறுத்துமாறு மோகனன் கேட்கிறான். படம் வெளிவந்த மறு ஆண்டு, 1955இல், இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக எழுதிவைத்தது. அவ்வரி நீக்கப்பட்டது 2019இல்தான்.