தன் கையும் ஊர்க் கையும்

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடகனாறும் சந்தானவர்த்தினியும் மழை பெய்தால் ஓடும், பொய்த்தால் மணல்தான். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனிமலைத் தொடர். அந்த மலைகளிலிருந்து இறங்கும் நீரைச் சில நாட்களுக்குள் பிடித்து வைத்துக்கொண்டால் நெல் விளையும், இல்லையென்றால் புன்செய்ப் பயிரோடு திருப்திப்பட வேண்டியதுதான். அதனால் இந்தப் பக்கத்து ஊர்கள் குளங்களைக் கட்டிக்கொண்டன. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் குளத்துக்குத் தண்ணீர். மேல் ஊர்க்காரன் கரையைக் கவனிக்காமல் விட்டால் கீழ் ஊர்க்காரன் பட்டினி கிடப்பான். இங்கே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது என்பது தண்ணீர்க் கணக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வரத்து வாய்க்காலைத் தூர் வாருவார்கள், கரையில் மண் போடுவார்கள், மடையைச் சரிசெய்வார்கள். குளத்து வண்டல் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். மடை திறந்து மூடும் நீர்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். ரொக்கம் கைமாறாது, அதிகாரி வந்து பார்க்க மாட்டார், ஆனால் வேலை நடக்கும்.

இதைப் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது. கரையில் அதிகம் மண் சுமந்தவர்களுக்குக் குளத்தின் கீழே பெரும்பாலும் ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. ஆயக்கட்டு மேல்சாதிக் கையில் இருந்தது. உழைப்பும் இரவுக் காவலும் சேரிக்கு. ஊர் சேர்ந்து செய்தது என்று சொல்லும்போது, அந்த ஊருக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்காமல் இருக்கக் கூடாது. பின்னாளில் இதே மண்ணில் பிறந்த ஒரு பெண் அந்தக் கேள்வியை ஊர் ஊராக நடந்து கேட்டார்.

1792-இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. விருப்பாச்சி கோபால நாயக்கர் போன்ற பாளையக்காரர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள். 1801-இல் கோபால நாயக்கரைக் கம்பெனி தூக்கிலிட்டது. பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. வரியைத் தனித்தனி ரயத்திடம் வசூலிக்கத் தொடங்கியதும், ஊர் என்ற கூட்டுக்குக் கணக்கில் இடமில்லாமல் போனது. குளப் பராமரிப்புக்கென்று விட்டிருந்த மானியங்கள் பலவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கரைகள் பழுதாயின. பழுதைக் கண்டு அஞ்சிய சர்க்கார் 1858-இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது: வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறுகிறவரிடம் அதன் மதிப்பைத் தண்டமாக வசூலிக்கலாம். மக்கள் தாமாகச் செய்துவந்ததற்குச் சட்டம் போட வேண்டி வந்ததே அந்த வழக்கம் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று. பொதுப்பணித் துறை வளர வளர, குளம் ‘சர்க்கார் குளம்’ ஆனது. உடைந்தால் மனு கொடுக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

இந்தப் பின்னணியில்தான் காந்திகிராமத்தின் கதையைப் படிக்க வேண்டும்.

1924-இல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த கேரள இளைஞர் ஜி. ராமச்சந்திரன் டில்லியில் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இயந்திரத்தை அல்ல, அதன்மீதுள்ள வெறியைத்தான் எதிர்க்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்ன காந்தி, தையல் இயந்திரத்துக்கு விலக்கும் கொடுத்தார். அந்த உரையாடல் ‘யங் இந்தியா’வில் வெளியாகி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கேள்வி கேட்ட இளைஞரை மட்டும் பலருக்குத் தெரியாது. விடையை மண்ணில் செய்து பார்க்க அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டிக்குப் பக்கம்.

அவரை அங்கே கொண்டுவந்தவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். ராமச்சந்திரனோடு சாதி தாண்டிய மறுமணம், வீட்டில் எதிர்ப்பு. ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கச் சொன்ன காந்தி, இருவரும் உறுதியாக இருந்ததும் 1940-இல் சேவாகிராமத்தில் தானே முன்னின்று திருமணம் செய்துவைத்தார். 1944-இல் கஸ்தூர்பா மறைந்தபின் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே அந்தப் பணம் என்பது காந்தி போட்ட நிபந்தனை.

1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்குப் போன காந்தியின் ரயில் அம்பாத்துரை நிலையத்தில் நின்றது. சுற்றுவட்டாரக் கிராமத்தார் திரண்டு வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, நாடு விடுதலையான சில வாரங்களில், அந்த நிலையத்துக்கு அருகிலேயே காந்திகிராமம் உருவானது.

தொடக்கம் மிகச் சிறியது. பிரசவம் பார்க்க ஒரு சிறு மருத்துவமனை, கிராமச் சேவிகைகளுக்குப் பயிற்சி, ஆதாரக் கல்விப் பள்ளி. பிரசவத்தில் தாயும் சேயும் இறப்பது அன்று இந்தப் பக்கத்தில் அன்றாடச் செய்தி. சின்னாளபட்டி நெசவாளர் ஊர். தறிக்குழியில் நாளெல்லாம் உட்காரும் குடும்பங்களுக்கு மதுரை ஆஸ்பத்திரி வெகுதூரம். கஸ்தூர்பா மருத்துவமனை அந்தத் தூரத்தைக் குறைத்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லமும் அங்கே வந்தது.

கதர்ப் பிரிவு வீடுகளுக்குள் நுழைந்தது. பஞ்சை வாங்கிப் போகும் பெண் வீட்டிலேயே ராட்டையில் நூற்று, சிட்டம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குக் கூலி. திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன் வடிவமைத்த, பல கதிர்கள் கொண்ட அம்பர் சர்க்கா 1950-களில் வந்தபோது ஒரே உழைப்பில் கூடுதல் நூல் கிடைத்தது. 1924-இல் டில்லியில் பேசிய விஷயம் இங்கே கைக்கு வந்தது: மனிதனைத் துரத்தாத இயந்திரம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் செய்யும் லக்ஷ்மி சேவா சங்கமும் இதே வளாகத்தில் வளர்ந்தது.

தெற்கே டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா இதற்கான பொருளாதாரத்தை முன்பே எழுதியிருந்தார். லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர்; ஜபல்பூர் சிறையில் எழுதி 1945-இல் வந்த அவரது நூல் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. நெல்லை ஊரிலேயே குத்தி, எண்ணெயை ஊர்ச் செக்கிலேயே ஆட்டினால் தவிடும் பிண்ணாக்கும் ஊரிலேயே தங்கும், மாடும் மண்ணும் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்காளரின் கண்ணோடு பார்த்ததால்தான் இலாபம் எந்த வழியாக ஊரைவிட்டு வெளியே போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது.

ஆனால் ராட்டையும் செக்கும் மட்டும் போதுமா? நிலமில்லாதவன் எப்படித் தன் காலில் நிற்பான்? இதைக் கேட்டவர்தான் கிருஷ்ணம்மாள். 1926-இல் வத்தலக்குண்டுப் பக்கத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவர் படிப்புக்குத் துணைநின்றவர் சௌந்தரம். 1950-இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். நிலத்தைத் தானமாகக் கேட்டு 1951-இல் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான நடைப்பயணம் தமிழகத்துக்கு வந்தபோது, இந்த இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். நிலம் முழுவதையும் ஊர்ச் சபைக்கு எழுதிவைக்கும் கிராமதானத்துக்கு அன்றைய மதுரை மாவட்டத்தின் வத்தலக்குண்டு வட்டாரம் முன்னே நின்றது. 1968-இல் தஞ்சைப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்கள் எரிக்கப்பட்ட பிறகு அவர்கள் அங்கே போனார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தர 1981-இல் அவர்களது லாஃப்டி அமைப்பு பிறந்தது. குடிமராமத்தில் மண் சுமந்தவர்களின் பேத்தி தலைமுறைக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தது அந்த உழைப்பு.

காந்திகிராமத்தார் அரசைவிட்டு விலகி நின்றார்களா என்றால் இல்லை. சௌந்தரமே 1952-இல் ஆத்தூர்த் தொகுதியின் எம்.எல்.ஏ.; 1962-இல் திண்டுக்கல் எம்.பி.யாகி மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் மோர்கன், ராதாகிருஷ்ணன் கல்விக் குழுவில் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று எழுதியதன் தொடர்ச்சியாக மத்திய அரசு கிராமியக் கல்வி நிறுவனங்களைத் தொடங்கியது. 1956-இல் காந்திகிராமம் அவற்றில் ஒன்றானது. 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து பார்த்துப் போனார். 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மற்ற கிராமிய நிறுவனங்கள் பல அடையாளம் இழந்தபோது இது பிழைத்ததற்கு மத்திய அரசின் மானியமே காரணம். அதற்கு விலையும் உண்டு: சம்பளமும் பாடத்திட்டமும் டில்லியின் விதிப்படி வரத் தொடங்கின. கதரும் மருத்துவமனையும் மருந்துப் பிரிவும் தனித்தனி அறக்கட்டளைகளாகவே நின்றன. தன்னிறைவின் பழைய பாடம் வகுப்பறையைவிட அந்தப் பிரிவுகளில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

குளங்களின் கதையும் அப்படியே. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பாசனதாரர் சங்கங்களின் பங்கு பத்து விழுக்காடாக இருந்தது, மீதி அரசுப் பணம். தூர் வாரினால் நல்லதுதான். ஆனால் கணக்கும் மதிப்பீடும் ஒப்புதலும் அலுவலகத்தில் இருக்கிற வரை, மடைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் காத்திருப்பவராகவே இருப்பார். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களும், நிலமில்லாமல் அந்தக் குளத்து நீரை நம்பி வாழ்பவர்களும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து, செலவுக் கணக்கை ஊர்ச் சாவடியில் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கிராம சபை ஆண்டுக்குச் சில முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர்க் குளத்தின் கணக்கை எழுந்து கேளுங்கள்.